ஆணி அடிக்காத வீடு

காட்டுப்பாக்கத்தில் துலுக்கானத்தின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்றில் ஆள் இருந்தால் நான்காவதைப் பார்த்து நடப்பார்கள். உடனே சமையலறையிலிருந்து துலுக்கானத்தின் மனைவி அங்கம்மா குரல் கொடுப்பாள்.

"அதுல குந்தாதீங்க. எங்கம்மா கீறாங்க."

வந்தவர் திடுக்கிட்டுக் குனிந்து பார்ப்பார். சட்டம் போட்ட படம் ஒன்று மாலையோடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அங்கம்மாவின் தாய் ஜெகதாம்பாள் செத்துப் பல வருஷம் ஆகிறது. இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இது பக்தியால் வந்ததில்லை. மாட்டுவதற்கு ஆணி இல்லை, அவ்வளவுதான்.

துலுக்கானத்தின் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. தினக் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. பலமாகக் காற்றடித்தால் ஒரு வாரம் ஒரே நாளில் பறந்துவிடும். கடிகாரத்தைப் பரணுக்குக் கீழே கயிற்றில் கட்டியிருந்ததால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மணி பார்க்கத் தலையைச் சாய்த்துப் பழகிய குடும்பம், ரயில் நிலையத்துக் கடிகாரத்தையும் அப்படித்தான் பார்த்தது. கல்யாணப் படம் ஃப்ரிட்ஜின் மேல் சுவரில் சாய்ந்து நின்றது. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடும்போதெல்லாம் படம் அதிர்ந்து ஒரு நூல் முன்னால் நகரும். தினமும் காலையில் அங்கம்மா தன்னையும் புருஷனையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

"செவுருன்றது ஒடம்பு மாதிரி. தேவ இல்லாம ஊசி போடக் கூடாது" என்பார் துலுக்கானம்.

அவர் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். வாடகை வீட்டில் இருந்த காலத்தில் ஒரு நாள் சோறு வடிக்கும்போது கூரைக் காரை பெயர்ந்து பானைக்குள் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. சோறுதான் போயிற்று. ஆனால் அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், தான் கட்டும் வீட்டின் கூரை இடிந்தால் ஊரே இடிந்திருக்க வேண்டும் என்று. அப்படித்தான் கட்டினார். மேஸ்திரி ஒரு கம்பி சொன்ன இடத்தில் இரண்டு போட்டார். கூரையின் கனத்தைப் பார்த்த மேஸ்திரி, "மேல லாரி ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டதை இன்றைக்கும் பாராட்டாகத்தான் சொல்லிக்கொள்வார். கலவை கொட்டுவதற்கு முன்னால் கம்பிக் கட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படம் போனுக்குப் போன் மாறி வந்துகொண்டே இருந்தது. மகன் கிஷோரின் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட அவர் போனில் கிடையாது.

கம்பிப் படத்தைப் பார்த்து, "ஏன் மாமா ஓரத்துல மட்டும் நெருக்கமா கட்டியிருக்கு?" என்று கேட்ட ஒரே ஆள் மருமகள் தேவிப்பிரியா. கல்யாணமான மறுவாரம் கேட்டாள். துலுக்கானம் பதில் சொல்லி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது. ஆவடிப் பெண் விவரமானவள் என்று அன்றிலிருந்து தெருவெல்லாம் சொன்னார்.

கிஷோர் கல்யாணத்துக்காக அந்தக் கூரையின் மேல் ஓர் அறை எழுப்பியிருந்தார். வெளிப்பக்கம் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் அவரே பற்றவைத்த இரும்புத் தகட்டுக் கதவு. தேவிப்பிரியாவுக்கு மெடிக்கல் பில்லிங்கில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். நோயாளிகளின் விவரம் திரையில் ஓடுவதால் கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் உட்கார வேண்டும் என்பது கம்பெனி விதி. கீழே படுக்கையறையில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கம்மா பீரோவைத் திறக்க வருவாள். "நீ வேலையப் பாரும்மா, நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்து, யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன ஆபரேஷன் என்பது வரைக்கும் போவாள். திரையில் இருக்கும் நோயாளிகள் போதாதென்று இது வேறு. தேவிப்பிரியா மேலே போய்விட்டாள்.

மேலே இன்டர்நெட் ஏறவில்லை. இணைப்புப் பெட்டி கீழே கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. போனிலிருந்து நெட் எடுத்தால் மதியத்துக்குள் தீர்ந்துபோயிற்று. ஒரு நாளைக்குப் பலமுறை அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் வாய் திறந்தபடி உறைந்துபோனாள். கடைசியில் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்: மாசக் கடைசி மீட்டிங் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் சோழிங்கநல்லூர் ஆபீசுக்குத் தினமும் வர வேண்டும்.

காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் சோழிங்கநல்லூர் போய்வருவதென்றால் பஸ்ஸிலேயே குடித்தனம் செய்யலாம். கிஷோர் படிக்கட்டில் நின்று வீட்டுப் புரோக்கரிடம் பேசியது துலுக்கானத்தின் காதில் விழுந்தது. "ஆமாங்க, அந்தப் பக்கந்தான். ரெண்டு பேருக்கு மட்டும்."

ரெண்டு பேருக்கு மட்டும். அப்படியென்றால் மேல் அறை காலி. துலுக்கானம் மாடியைத் தாங்கும் கூரையைப் பற்றி எத்தனையோ யோசித்தவர். மாடியில் ஆள் இல்லாமல் போகலாம் என்று மட்டும் யோசித்ததில்லை.

"நான் சரி பண்றேன். இதுக்கோசரம் ஊட்ட வுட்டு எவனாவது போவானா?" என்றார்.

குமணன்சாவடியில் கேபிள் ஆபீஸ் வைத்திருக்கும் தப்ரேஸை வரச் சொன்னார். தலை பாதி நரைத்த மனுஷர். அந்த வட்டாரத்தில் அவர் ஏறாத மாடி இல்லை. வந்தவர் நாற்காலியில் உட்காரப் போய், அங்கம்மாவின் குரலுக்கு எழுந்து, ஜெகதாம்பாளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சின்ன வேல அண்ணாத்தே. இங்கேந்து நேரா மேல ஒரு ஓட்ட. வயர ஏத்தி மேல ஒரு பொட்டி. முடிஞ்சிச்சி."

அங்கம்மா கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள், வேடிக்கை பார்க்க.

"பாய்," என்றார் துலுக்கானம் மெதுவாக, "இது இன்னா கூரன்னு தெரியுமா?" போனை எடுத்துக் கம்பிப் படத்தைக் காட்டினார்.

தப்ரேஸ் படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார். "இதான் அண்ணாத்தே உங்க நோயி. சிக்னலு எப்டி மேல ஏறும்? நீங்க கூர போடல, இரும்புல கொசுவல கட்டி வெச்சிகிறீங்க. இது ஊடா, பேங்கு லாக்கரா?"

"ஓட்ட போடாம வழி சொல்லு."

"ஓட்ட போடாம காதுகுத்தே கெடையாதே அண்ணாத்தே."

துலுக்கானம் அசையவில்லை. தப்ரேஸ் பெருமூச்சு விட்டுவிட்டு, வீட்டுக்கு வெளியே வயரை ஏற்றி மேலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்.

நெட் வந்தது. ஆனால் வயர் இருந்ததால் ஜன்னல் மூடவில்லை. மூடாத ஜன்னல் வழியாக முதலில் கொசு வந்தது. மறுநாள் காய்கறி வண்டி வந்தது. வண்டி தெருவில்தான் நின்றது. அதன் ஒலிபெருக்கி அறைக்குள் வந்தது. அமெரிக்காவில் இருந்த மேலதிகாரி ஒருவர், பில்லில் தவறு எங்கே என்று கேட்டதற்கு, "நாட்டுத் தக்காளி, பெங்களூர் தக்காளி, சின்ன வெங்காயம்" என்று பதில் போயிற்று. அந்தப் பெரிய மனிதர், இது யார் பேசுவது, இவரும் மீட்டிங்கில் இருக்கிறாரா என்று விசாரித்தாராம்.

அந்த வாரமே அணில் வயரைக் கடித்துவிட்டது.

அடுத்து தப்ரேஸ் ரிப்பீட்டர் என்று ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தார். பிளக்கில் செருகினால் போதும், கீழேயிருந்து வரும் நெட்டை வாங்கி மேலே கொடுக்கும் என்றார். துலுக்கானத்துக்கு அது பிடித்தது. ஆணி இல்லை, ஓட்டை இல்லை. தானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லி வாங்கி, மேலறையில் தேவிப்பிரியாவின் மேஜைக்குப் பக்கத்திலேயே செருகினார். எங்கே வலிக்கிறதோ அங்கேதானே தைலம் தடவ வேண்டும்?

தேவிப்பிரியாவின் திரையில் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. நெட் மட்டும் இல்லை.

"ஃபுல்லா காட்டுது மாமா. ஆனா எதுவும் தெறக்கல."

"ஃபுல்லா காட்டுதுன்னா ஃபுல்லாதாம்மா கீது. உங்க ஆபீசுல இன்னாவோ கோளாறு."

இரண்டு நாள் இந்தக் கட்சியிலேயே நின்றார். பிறகு தப்ரேஸுக்குப் போன் போட்டார். "உன் பொட்டி வேல செய்ல பாய்."

"எங்க வெச்சீங்க?"

"மேல ரூம்ல."

"அண்ணாத்தே! அங்கதான் நெட்டே இல்லியே! அது காதுல எதனா வுழுந்தாத்தான திருப்பிச் சொல்லும்? நடுவுல வைங்க. கீழ பேசுறது கேக்கணும், மேல சொன்னா கேக்கணும்."

நடுவில் என்றால் படிக்கட்டு திரும்பும் இடம். அங்கே பிளக் கிடையாது, கூரையும் கிடையாது. துலுக்கானம் சமையலறையிலிருந்து ஒரு நீண்ட வயரை இழுத்து, பெட்டியை ஒரு மணைமேல் வைத்து, வெயிலும் தூசியும் படாமல் அங்கம்மாவின் நீல பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தார். மேலே நெட் வந்தது. நன்றாகவே வந்தது. தேவிப்பிரியா ஜன்னலைச் சாத்திக்கொண்டு அன்று முழுக்க உறையாமல் பேசினாள்.

ஒரே ஒரு சங்கடம். கீழே இரும்புக் கதவைச் சாத்தினால் தகடு மறித்து நெட் போயிற்று. திறந்தால் தெரு நாய் ஏறிவந்து வாளியை முகர்ந்தது. அது முகர்ந்ததோடு நிற்கிற ஜாதி இல்லை. எனவே துலுக்கானமே ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் போட்டு, கையில் கம்போடு, வாளிக்குக் காவலாக உட்கார்ந்தார். ஐம்பது பேரை வேலை வாங்கிய ஃபோர்மேன், மருமகளின் வேலை நேரம் முழுக்க ஒரு வாளியை வேலை வாங்கினார். சாப்பாடு அங்கேயே வந்தது.

"இன்னாயா, ஒன்னுக்குப் போவணும்னா இன்னா செய்வ?" என்று கேட்டாள் அங்கம்மா.

"நீ வந்து குந்து."

"எனுக்கு வேற பொழப்பு இல்ல? துணி தொவைக்க வாளியக் குடுய்யா மொதல்ல."

"வாளிய எடுத்தன்னா அவ வேல போய்ரும்டி!"

மாசக் கடைசியில் மீட்டிங் வந்தது. சாயங்காலம். தேவிப்பிரியா நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, படியில் நின்று, "மாமா, ஒரு மணி நேரம். அவ்ளோதான்" என்றாள்.

"நீ பேசும்மா. இங்க ஒரு ஈ காக்கா ஏறாது."

ஈ காக்கா ஏறவில்லை. மழை வந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரே இருட்டாக வந்தது. துலுக்கானம் குடைக்கு ஓடவில்லை. ஓடினால் நாய் ஏறும். எழுந்து படியேறி வாளியின் மேல் கவிந்துகொண்டார். அவர் எழுந்ததால் நாற்காலி லேசாகிவிட்டது. அடித்த காற்றில் அது உருண்டது. அவர் கையாலேயே பற்றவைத்த தகட்டுக் கதவு, பூமி அதிரச் சாத்திக்கொண்டது. நல்ல உறுதியான கதவு. துருப்பிடித்த தாழ்ப்பாள் தானாகவே விழுந்து மாட்டிக்கொண்டது. அவர் நனைந்து, வழுக்கி இறங்கி, இழுத்துத் திறப்பதற்குள் சமையலறையில் ஃப்யூஸும் போயிற்று.

மேலே கதவு திறந்தது. தேவிப்பிரியா வந்து நின்றாள். திட்டவில்லை. "உள்ள போங்க மாமா, சளி பிடிக்கும்" என்றாள். பிறகு பின்னால் வந்த கிஷோரைப் பார்த்து, "மீட்டிங்க திங்கக்கெழமைக்கு மாத்திட்டாங்க. அது ஒரு மரியாதைக்குத்தான். அந்தப் புரோக்கர்கிட்ட பேசிடு" என்றாள்.

துலுக்கானம் தலை துவட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். கிஷோர் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வுடு நைனா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவோம்" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது.

அங்கம்மா சுக்குக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"போவட்டும்யா. மேல ரெண்டு சேரு கீதே, அது காலியாய்டும். இவங்க கல்யாண போட்டோவ ஒண்ணுல குந்த வெச்சிர்லாம். எங்கம்மாவுக்கும் தொணையா இருக்கும்."

துலுக்கானம் காபியைக் குடித்தார். நாற்காலியில் இருந்த மாமியாரைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"பாய், நாளிக்கி டிரில்லு எடுத்துகினு வா."

"யாரு பேசுறது?" என்றார் தப்ரேஸ். "அண்ணாத்தே போன எவன்டா எடுத்தது?"

மறுநாள் தப்ரேஸ் பெரிய டிரில்லோடும், இவர் மனசு மாறுவதற்குள் முடித்துவிடும் அவசரத்தோடும் வந்தார். ஆனால் துலுக்கானம் டிரில்லை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தன் உடம்புக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளியின் முகம் அவருக்கு. மேலறையில் போய்க் கட்டிலை நகர்த்தச் சொன்னார். கம்பிப் படத்தைப் பெரிசாக்கி தேவிப்பிரியாவிடம் கொடுத்தார்.

"புடிச்சிகினு நில்லும்மா. ஓரத்துலேந்து எண்ணு. எந்தக் கட்டத்துல கம்பி இல்ல, சொல்லு."

அவள் எண்ணிச் சொன்னாள். அவர் சுவரிலிருந்து டேப் போட்டார், திரும்பப் போட்டார், பென்சிலால் தரையில் பெருக்கல் குறி வைத்தார். ஒரு கணம் கையைத் தரையில் வைத்துக்கொண்டார். பிறகு டிரில்லை இறக்கினார்.

வீடே உறுமிற்று. பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்து, துலுக்கானத்தின் வீட்டிலா சத்தம் என்று நம்பாமல் நின்றார். பாதியில் டிரில் கிறீச்சிட்டுத் துள்ளியது. துலுக்கானம் நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா பாய்? கம்பி! இத்தினி வருசம் ஆச்சி, கல்லு மாதிரி கீது பாத்தியா!"

"அண்ணாத்தே, கம்பி இல்லாத எடமாத்தான எண்ணுனீங்க?"

"இன்னா பண்றது? படத்துக்கு அப்பறமும் நாலு சொருவிட்டேன் போலகீது."

கொஞ்சம் தள்ளி மறுபடி இறக்கினார். முனை ஒன்று உடைந்தது. அதையும் பெருமையோடு தப்ரேஸ் கையில் கொடுத்தார். கீழே கூடத்தில் அன்னக்கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அங்கம்மா நின்றாள். கிஷோர் அவளுக்குக் குடை பிடித்தான். காரை பொலபொலவென்று உதிரத் தொடங்கியதும் அவள் பிரசவ வார்டு ஆயா மாதிரி கத்தினாள்.

"வர்து! வர்து! தல தெரிது! இன்னும் கொஞ்சம், அவ்ளோதான்… வந்துட்ச்சி!"

உடனே இன்னொரு கத்தல்.

"ஐயையோ! எங்கம்மா!"

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். துலுக்கானம் சுவரிலிருந்து அளந்தார், ஓரத்திலிருந்து அளந்தார், கம்பிக்குக் கம்பி அளந்தார். அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. ஓட்டை, நூல் பிடித்த மாதிரி, ஜெகதாம்பாளின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அங்கம்மா அன்னக்கூடையை வேறு பக்கம் பிடித்திருந்தாள். மாலை முழுக்கச் சிமென்ட். கண்ணாடியில் மூக்குவரைக்கும் தூசி.

"உயிரோட இருந்தப்பவும் எங்கம்மாவ நீ ஒழுங்கா பாத்துகினதில்ல" என்றாள் அங்கம்மா, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடி.

தப்ரேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயரை ஏற்றினார். மேலே புதுப் பெட்டியை வைத்தார். அது மேஜைமேல் வைக்கிற பெட்டி, ஆணி கேட்காதது. அவருக்கு அந்த வீடு இப்போது அத்துப்படி.

திங்கட்கிழமை மீட்டிங்கின்போது துலுக்கானம் கூடத்தில் ஓட்டைக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார். ஓட்டை வழியாக தேவிப்பிரியாவின் குரல் மெல்லிதாகக் கேட்டது. இங்கிலீஷில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கும் நிற்கவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் நன்றாக ஓடும் மோட்டாரின் சத்தம் அவருக்குத் தெரியும். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. நாய் வெளியே இருந்தது. வாளி துணியோடு இருந்தது.

நடுவில் மேஜைமேல் கிஷோரின் போன் அடித்தது. எடுத்தார்.

"சார், நீங்க கேட்ட மாதிரியே ரெண்டு பேருக்கு ஒரு ஊடு…"

"ஊடா? எங்ககிட்டயே கீது" என்று வைத்துவிட்டார்.

தேவிப்பிரியா இறங்கி வந்தாள். "ஓகே சொல்ட்டாங்க மாமா. இனிமே ஆபீசுக்கு மாசத்துக்கு ஒரு தடவ போனா போதும்" என்றாள். அண்ணாந்து ஓட்டையைப் பார்த்துவிட்டு, "வட்டமா, சுத்தமா வந்திருக்கு" என்றாள். துலுக்கானம் அதற்காகவே காத்திருந்தவர் போல, முனையை எந்தச் சாய்வில் பிடித்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"அத்த அப்பறம் சொல்லு" என்றாள் அங்கம்மா.

அவள் கையில் ஜெகதாம்பாள் இருந்தாள். துடைத்து, புது மாலை போட்டு, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எங்கம்மா தலைக்கு மேல ஓட்ட போட்ட. இனிமே அங்க குந்தினா தெனமும் காரதான் கொட்டும். மீதி மூணு சேர்லயும் ஜீவனோட கீறவங்க குந்தணும். இவங்கள எங்க வெக்கிறது, சொல்லு."

துலுக்கானம் சுவரைப் பார்த்தார். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு வடுகூட இல்லாமல் நின்றது. தப்ரேஸின் டிரில் இன்னும் மூலையில் கிடந்தது. மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தேவிப்பிரியா கூரையைப் பார்த்தபடி நின்றாள். கிஷோர் கடிகாரத்தைத் தலை சாய்த்துப் பார்த்தான்.

துலுக்கானம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"எங்க?"

"நடு செவுத்துல."

பெருக்கல் குறி வைத்தார். வைத்துவிட்டு விரலை நீட்டினார். "ஒண்ணுதான். சொல்ட்டேன்."

"ஒண்ணுதான்யா" என்றாள் அங்கம்மா. "நான் எப்ப ரெண்டுன்னேன்?"

ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கியது. மேலே கல்யாணப் படம் அதிர்ந்து, ஒரு நூல் முன்னால் நகர்ந்தது. அங்கம்மா அதைப் பின்னுக்குத் தள்ளவில்லை.